கடன் வாங்காத எய்பார்

மக்கள்தொகை 27,000. ஸ்டேடியத்தில் 5,000 பேருக்குச் சற்று அதிகமாக இடம். பாஸ்க் மலையிடுக்கில் இருக்கும் இந்த ஊரின் கால்பந்து அணி 2014-15ல் ஸ்பெயினின் முதல் டிவிஷனில் ஆடியது. அந்த சீஸனின் முடிவை எழுதியது கோல்கள் அல்ல, கணக்குப் புத்தகம்.

பில்பாவோவிலிருந்து சான் செபாஸ்தியானுக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ பாதி வழியில் மலைகள் இரு பக்கமும் நெருங்கி வருகின்றன. அந்த இடுக்கில் எகோ என்ற சிற்றாற்றை ஒட்டி எய்பார் கிடக்கிறது. சமதளம் என்று சொல்ல ஆற்றோரத்தில் கொஞ்சம் நிலம். அதுவும் எப்போதோ தீர்ந்துவிட்டது. எனவே ஊர் மலைச் சரிவில் ஏறிக்கொண்டது. எட்டு மாடி, பத்து மாடிக் குடியிருப்புகள் ஒன்றன் தோள் மீது ஒன்று நிற்பது போலத் தெரிகின்றன. கீழ்த் தெருவிலிருந்து மேல் தெருவுக்குப் போக நகராட்சி பல இடங்களில் லிஃப்டும் எஸ்கலேட்டரும் வைத்திருக்கிறது. கடைக்குப் போய்விட்டுப் பையோடு திரும்பும் கிழவிகள் அதில் நின்றபடி வீடு போய்ச் சேருகிறார்கள்.

அழகைத் தேடி இங்கே வருபவர்கள் குறைவு. சான் செபாஸ்தியானுக்குக் கடற்கரை இருக்கிறது. பில்பாவோவுக்கு கூகன்ஹைம் மியூசியம் இருக்கிறது. எய்பாருக்கு இருந்தது பட்டறை. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளிலிருந்தே இது துப்பாக்கி செய்யும் ஊர். ஒருவர் குழலைக் கடைவார், இன்னொருவர் கட்டையைச் செதுக்குவார், மூன்றாமவர் விசையைப் பொருத்துவார். இரும்பின் மேல் தங்கக் கம்பி பதித்துச் சித்திரம் எழுதும் கைவினையும் இங்கே செழித்தது. அந்தக் கலையில் ஐரோப்பா முழுவதும் பெயர் வாங்கிய பிளாசிதோ சுலோவாகா எய்பார்க்காரர். ஓவியர் இக்னாசியோ சுலோவாகா அவருடைய மகன். 1870ல் இதே ஊரில் பிறந்தவர். ஊரின் ஆயுதத் தொழில் அருங்காட்சியகத்தில் இந்தக் கதை முழுவதையும் பார்க்கலாம்.

இடம் இல்லாத ஊரில் தொழிற்சாலையும் மாடி ஏறியது. கடைசல் யந்திரம் மூன்றாவது மாடியில் ஓட, பக்கத்துக் கட்டடத்தில் குடும்பங்கள் வாழ்ந்தன. முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவம் கைத்துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தபோது சின்னச் சின்னப் பட்டறைகள் வேலையைப் பகிர்ந்துகொண்டு செய்து அனுப்பின. போர் முடிந்தது, ஆர்டரும் நின்றது. ஊர் அசரவில்லை. குழாயைக் கடையத் தெரிந்த கைகளுக்கு சைக்கிள் செய்வது பெரிய வித்தையல்ல. ஓர்பேயா, பி.எச். ஆகிய இரண்டு சைக்கிள் கம்பெனிகளும் இங்கே துப்பாக்கி செய்து பிழைத்தவைதான். 1920ல் தொழிலாளர்களே கூடி ஆரம்பித்த ஆல்ஃபா கூட்டுறவு நிறுவனம் ஆயுதத்தில் தொடங்கித் தையல் மெஷினுக்கு மாறியது.

பட்டறைக்காரர்கள் ஊர் என்றால் அரசியல் சூடாகத்தான் இருக்கும். 1931 ஏப்ரல் 14 அன்று ஸ்பெயினில் முதன்முதலாகக் குடியரசைப் பிரகடனம் செய்தது எய்பார். மாட்ரிட் விழித்துக்கொள்வதற்குள் காலையிலேயே கொடி ஏற்றியாகிவிட்டது. அதற்கான விலையும் வந்தது. உள்நாட்டுப் போரில் 1937 ஏப்ரலில் விமானக் குண்டுவீச்சில் ஊரின் பெரும்பகுதி தரைமட்டமானது. கெர்னிகா அழிந்ததும் அதே மாதம்தான். உலகம் கெர்னிகாவை நினைவில் வைத்திருக்கிறது. எய்பார் தன் இடிபாடுகளைத் தானே அள்ளியது.

அந்த இடிபாடுகளின் நடுவே 1940 நவம்பரில் பிறந்ததுதான் எய்பார் கால்பந்து கிளப். பார்சிலோனா அணியைப் போலவே இதற்கும் நீலமும் கருஞ்சிவப்பும்தான் சட்டை நிறம். 1947ல் மலைச் சரிவை வெட்டி இபுருவா மைதானத்தைக் கட்டினார்கள். டிக்கெட் எடுக்காமல் ஆட்டம் பார்க்க வசதியான மைதானம் இது. சுற்றிலும் உள்ள மாடிக் குடியிருப்புகளின் பால்கனிகள் அத்தனையும் கேலரிகள். உலர்த்தப்போட்ட துணிகளுக்கு இடையிலிருந்து தலைகள் எட்டிப் பார்க்கும். ஒரு ரசிகர் குழு தன்னை ஸ்காட்லாந்துக்காரர்களாக வரித்துக்கொண்டு ஸ்காட்லாந்துக் கொடியை ஆட்டும். மழை அநேகமாக எப்போதும் உண்டு.

ஏறுவதும் இறங்குவதும்

ஐரோப்பியக் கால்பந்து லீக்கில் நிரந்தர இடம் என்று யாருக்கும் கிடையாது. ஸ்பெயினின் முதல் டிவிஷனில் 20 அணிகள். ஒவ்வொரு சீஸனிலும் ஒவ்வோர் அணியும் மற்ற 19 அணிகளுடன் உள்ளூரில் ஒரு முறை, வெளியூரில் ஒரு முறை மோதும். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. 38 ஆட்டங்களின் முடிவில் கடைசி மூன்று இடங்களில் இருப்பவை இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். அங்கிருந்து மூன்று மேலே வரும். டிவி பணம், விளம்பரம், நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் மேலேதான். இறங்கிய கிளப்கள் கடனில் மூழ்கிக் காணாமல் போனதும் உண்டு.

எய்பார் 1988லிருந்து 2006 வரை தொடர்ந்து 18 சீஸன்கள் இரண்டாம் டிவிஷனில் ஆடியது. பெரிய கிளப்கள் தங்கள் இளம் ஆட்டக்காரர்களை அனுபவத்துக்காக இரவல் அனுப்பும் இடமாக அது இருந்தது. ரியல் சொசியெதாதிலிருந்து ஷாபி அலோன்சோ வந்தார். வாலென்சியாவிலிருந்து டேவிட் சில்வா வந்தார். இருவரும் பின்னாளில் 2010 உலகக் கோப்பையை வென்ற ஸ்பெயின் அணியில் இருந்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள், எய்பார் இருந்த இடத்திலேயே இருந்தது. 2009ல் மூன்றாம் நிலைக்குச் சரிந்து நான்கு ஆண்டுகள் அங்கேயே கிடந்தது.

ஊரும் அப்போது சுருங்கிக்கொண்டிருந்தது. 1970களில் மக்கள்தொகை 37,000ஐத் தாண்டியிருந்தது. பிறகு வந்த தொழில் நெருக்கடியில் பட்டறைகள் மூடப்பட்டன. சைக்கிள் கம்பெனிகள் இடம் போதாமல் ஏற்கனவே வெளியேறியிருந்தன. பி.எச். விட்டோரியாவுக்குப் போனது, ஓர்பேயா பக்கத்து மலாபியாவுக்குப் போனது. பத்தாயிரம் பேரை இழந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடும் இடமாக மிஞ்சியது இபுருவா.

அப்போது பயிற்சியாளராக வந்தவர் கய்ஸ்கா காரித்தானோ. இதே கிளப்பில் ஆடியவர். அவருடைய அணி 2012 டிசம்பரில் கோப்பைப் போட்டியில் பில்பாவோவின் அத்லெடிக்கை வெளியேற்றியது. 2013ல் இரண்டாம் டிவிஷனுக்குத் திரும்பியது. கிளப்பின் ஆண்டு பட்ஜெட் அப்போது 40 லட்சம் யூரோவைச் சுற்றித்தான். அந்த டிவிஷனிலேயே மிகக் குறைந்த பட்ஜெட்டுகளில் ஒன்று. பத்திரமாகத் தப்பிப் பிழைப்பதுதான் லட்சியம். ஆனால் 2014 மே 25 அன்று இபுருவாவில் அலாவேஸ் அணியை ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றபோது எய்பார் முதல் டிவிஷனுக்குத் தேர்ச்சி பெற்றிருந்தது. சீஸன் முடிவில் இரண்டாம் டிவிஷன் சாம்பியனும் அதுதான். ஊர் விடிய விடியத் தூங்கவில்லை.

குற்றம்: சிறிய மூலதனம்

கொண்டாட்டத்துக்கு நடுவே ஒரு சட்டம் குறுக்கே நின்றது. ஸ்பெயினின் தொழில்முறை கிளப்கள் கடன் வாங்கியே வாழ்ந்து பழகியவை. 2012ல் வெளியான கணக்குப்படி அவை வரித்துறைக்கு மட்டும் வைத்திருந்த பாக்கி சுமார் 75 கோடி யூரோ. இந்த நோய்க்கு மருந்தாக 1990ல் ஒரு விளையாட்டுச் சட்டமும், 1999ல் ஓர் அரசாணையும் வந்திருந்தன. ரியல் மாட்ரிட், பார்சிலோனா உள்ளிட்ட நான்கு கிளப்களைத் தவிர மற்றவை பங்குக் கம்பெனிகளாக மாற வேண்டியிருந்தது. அவற்றின் மூலதனம் அந்த டிவிஷன் கிளப்களின் சராசரிச் செலவில் கால் பங்குக்குக் குறையக் கூடாது என்பது அன்றைய விதி.

எய்பாரின் சொந்தச் செலவு என்ன என்று அந்த விதி கேட்கவில்லை. மற்றவர்கள் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதுதான் அளவுகோல். அந்தக் கணக்குப்படி எய்பாருக்குத் தேவைப்பட்ட மூலதனம் சுமார் 21 லட்சத்து 46 ஆயிரம் யூரோ. இருந்தது 4 லட்சத்து 22 ஆயிரம். மிச்சம் 17 லட்சத்து 24 ஆயிரம் யூரோவை, அதாவது அன்றைய மதிப்பில் சுமார் ரூ. 14 கோடியை, 2014 ஆகஸ்ட் 6க்குள் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் முதல் டிவிஷன் கிடையாது என்பதோடு நிற்கவில்லை. மூன்றாம் நிலைக்கே இறக்கிவிடுவார்கள்.

எய்பாருக்குக் கடன் கிடையாது. கையில் இருப்பதற்கு மேல் செலவழிக்காத கிளப் அது. கடன்காரர்களைக் கட்டுப்படுத்த வந்த விதியில் கடனில்லாதவன் மாட்டிக்கொண்டதுதான் வேடிக்கை.

ஒரு பணக்காரரைப் பிடித்து எளிதாகத் தப்பித்திருக்கலாம். ஸ்பெயினில் பல கிளப்கள் அப்படித்தான் கட்டட முதலாளிகள் கைக்கும் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் கைக்கும் போயிருந்தன. எய்பார் நிர்வாகம் வேறு வழியில் போனது. 50 யூரோ கொடுத்தால் பங்குதாரர் ஆகலாம். ஆனால் எவரும் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் போட முடியாது. கிளப்பை யாரும் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக இந்த உச்சவரம்பு. ‘எய்பாரைக் காப்போம்’ என்ற பொருளில் பிரசாரம் ஆரம்பமாயிற்று. ஷாபி அலோன்சோவும் சில்வாவும் பழைய பாசத்தில் ஆதரவுக் குரல் கொடுத்தார்கள்.

பாஸ்க் நாட்டில் ஆரம்பித்த பங்கு விற்பனை கடல் தாண்டியது. இபுருவா எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவர்கள் 50 யூரோ அனுப்பினார்கள். கெடுவுக்கு முன்பே, ஜூலை மாதத்திலேயே, தேவையான தொகை சேர்ந்துவிட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் பத்தாயிரம் பங்குதாரர்கள். ஊர் ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். லாபம் வரும் என்று எவரும் வாங்கவில்லை. பட்டறை பட்டறையாக வேலையைப் பகிர்ந்துகொண்டு ஆர்டரை முடித்த ஊருக்கு இந்த முறை புதிதல்ல.

27 புள்ளியும் 8 புள்ளியும்

2014 ஆகஸ்ட் 24. முதல் டிவிஷனில் எய்பாரின் முதல் ஆட்டம். எதிரணி, அதே கிபுஸ்கோவா மாநிலத்தின் பெரிய அண்ணனான ரியல் சொசியெதாத். முதல் பாதி முடியும் தறுவாயில் ஹாவி லாரா அடித்த ஃப்ரீ கிக் வலைக்குள் போனது. ஆட்டம் 1-0. பால்கனிகளில் இருந்தவர்கள் உள்ளே இருந்தவர்களைவிட அதிகமாகக் கத்தினார்கள் என்றால் நம்பலாம்.

பிறகு வந்தவர்கள் சாமானியர்கள் அல்ல. அந்த சீஸனில் ரியல் மாட்ரிடும் பார்சிலோனாவும் டிவி உரிமையில் மட்டும் ஆளுக்குச் சுமார் 14 கோடி யூரோ வாங்கிக்கொண்டிருந்தன. பார்சிலோனாவின் கேம்ப் நௌ ஸ்டேடியத்தில் அப்போது 98,000க்கு மேல் இருக்கைகள். எய்பாரின் கைக்குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை அத்தனை பேரும் போய் உட்கார்ந்தாலும் கிட்டத்தட்ட முக்கால் பங்கு காலியாக இருக்கும். அங்கே எய்பார் 3-0 என்று தோற்றது. நவம்பரில் ரியல் மாட்ரிட் இபுருவாவுக்கு வந்து 4-0 என்று வென்றது. ரொனால்டோ மட்டும் இரண்டு கோல். ஆனாலும் தன் தராசில் உள்ள அணிகளிடம் எய்பார் புள்ளிகளைப் பறித்தது. சீஸனின் பாதியில், 19 ஆட்டங்களின் முடிவில், 27 புள்ளிகளுடன் எட்டாவது இடம். ஐரோப்பியப் போட்டிக்குப் போய்விடுமோ என்றுகூடச் சிலர் பேசினார்கள்.

இன்னொரு சச்சரவும் அந்த சீஸனில் நடந்தது. அல்மேரியாவில் ஆட்டம் முடிந்து பத்திரிகையாளர்களைச் சந்தித்த காரித்தானோ, பாஸ்க் நிருபர் பாஸ்கில் கேட்ட கேள்விக்கு பாஸ்கில் பதில் சொல்ல ஆரம்பித்தார். உள்ளூர் நிருபர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். காரித்தானோ எழுந்து வெளியே போய்விட்டார். ஃபிராங்கோ ஆட்சியில் ஒடுக்கப்பட்ட மொழி அது. ஸ்பெயினின் கால்பந்து லீக் வெறும் பந்து விளையாட்டாக எப்போதும் இருந்ததில்லை.

இரண்டாம் பாதியில் எல்லாம் தலைகீழாயிற்று. தோல்விக்கு மேல் தோல்வி. 19 ஆட்டங்களில் கிடைத்தவை மொத்தம் 8 புள்ளிகள். சின்ன அணிக்கு மாற்று ஆட்கள் குறைவு. ஜனவரியில் ஓடிய கால்கள் ஏப்ரலில் தளர்ந்தன.

கடைசி நாள் 2015 மே 23. எய்பார் தன் கடமையைச் செய்தது: ஏற்கனவே இறங்குவது உறுதியாகிவிட்ட கோர்தோபாவை 3-0 என்று வென்றது. மற்ற மைதானங்களில் தெபோர்திவோ அல்லது கிரனாடா தோற்றால் போதும். கேம்ப் நௌவில் பார்சிலோனா மெஸ்ஸியின் இரண்டு கோல்களால் தெபோர்திவோவை 2-0 என்று முந்தியிருந்தது. இபுருவாவில் நிம்மதிப் பெருமூச்சு. ஆனால் அன்று கேம்ப் நௌவுக்கு வேறு விசேஷம் இருந்தது. ஷாவி எர்னாண்டஸ் அங்கே ஆடும் கடைசி லீக் ஆட்டம். சாம்பியன் பட்டம் ஏற்கனவே கைக்கு வந்துவிட்ட பார்சிலோனா பிரிவுபசார மனநிலையில் இருக்க, தெபோர்திவோ இரண்டு கோலையும் திருப்பி அடித்து 2-2 என்று சமன் செய்தது. கிரனாடாவோ அத்லெடிகோ மாட்ரிடுடன் கோலில்லாமல் டிரா செய்துகொண்டது.

தெபோர்திவோ 35. கிரனாடா 35. எய்பார் 35. சமமாக நிற்கும் அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களைப் பார்ப்பார்கள். அதில் எய்பார் கடைசி. 18வது இடம். இரண்டாம் டிவிஷன். காரித்தானோ விடைபெற்றார்.

பனை மரங்களின் ஊரில்

ஆனால் சீஸன் இன்னும் முடியவில்லை. ஸ்பெயினின் தென்கிழக்கில், மத்தியதரைக் கடல் பக்கத்தில், எல்சே என்ற நகரம் இருக்கிறது. எய்பார் மழை என்றால் எல்சே வெயில். பேரீச்சைத் தோப்புகளுக்குப் பெயர் பெற்றது. 2000ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்கு மேல். ஸ்டேடியத்தில் அப்போது 33,000 பேர் உட்காரலாம். எய்பார் ஊரே அதில் அடங்கிவிடும். அந்த சீஸனில் எல்சே அணி 41 புள்ளிகளுடன் 13வது இடம் பிடித்து மைதானத்தில் பத்திரமாகத் தப்பியிருந்தது.

கணக்கில் தப்பவில்லை. வரித்துறைக்கு வைத்திருந்த பாக்கியைத் தீர்க்க முடியாததால் 2015 ஜூன் 5 அன்று லீக் நிர்வாகம் எல்சேயை இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கியது. மேல்முறையீடும் பலிக்கவில்லை. காலியான இடம் 18வது இடத்தில் இருந்த அணிக்கு. எய்பார் மறுபடியும் முதல் டிவிஷன்.

சரியாக ஓர் ஆண்டுக்கு முன் எய்பாரை மூன்றாம் நிலைக்குத் தள்ளப் பார்த்தவை கணக்கு விதிகள். ஓர் ஆண்டு கழித்து அதைத் தூக்கி நிறுத்தியவையும் கணக்கு விதிகள். இரண்டு முறையும் எய்பாரின் புத்தகத்தில் எழுதியிருந்தது ஒன்றுதான்: கடன் இல்லை. முதல் முறை அது யார் கண்ணிலும் படவில்லை. இரண்டாம் முறை அதுவே போதுமானதாக இருந்தது.

எல்சேயின் பக்கமிருந்து பார்த்தால் இது கசப்பான கதை. 41 புள்ளி வாங்கிய ஆட்டக்காரர்களும் டிக்கெட் வாங்கிய ரசிகர்களும் செய்த தப்பு என்ன? நிர்வாகிகள் வைத்த பாக்கிக்கு ஊர் தண்டனை அனுபவித்தது. கிளப் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி இதனால்தான் ரசிகனுக்கு முக்கியமாகிறது. எய்பாரின் பத்தாயிரம் பேர் 50 யூரோ, 100 யூரோ என்று கொடுத்து வாங்கியது அந்தக் கேள்விக்கான பதிலைத்தான்.

இரவல் வாங்கிய ஓர் ஆண்டு என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2004-05ல் சில்வா ஆடிய அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஹோசே லூயிஸ் மென்திலிபர் திரும்பி வந்தார். எதிரணியை அதன் பாதியிலேயே மறித்து மூச்சு வாங்க விடாத ஆட்டம் அவருடையது. 2016ல் கிளப்பின் தலைமைக்கு அமயா கொரோஸ்திசா என்ற பெண்மணி வந்தார். 2017-18ல் அணி ஒன்பதாவது இடம் பிடித்தது. ஜப்பான்காரர் தகாஷி இனுய் 2017 மே மாதம் கேம்ப் நௌவில் பார்சிலோனா வலைக்குள் இரண்டு முறை பந்தை அடித்தார். எய்பார் தோற்றாலும் ஜப்பானில் அன்று பேச்சு அதுதான். 2018 நவம்பர் 24 அன்று ரியல் மாட்ரிட் இபுருவாவில் 3-0 என்று தோற்றுத் திரும்பியது. கிளப்பின் வருமானம் பெருகியபோது ஸ்டேடியத்தை 8,000 இருக்கைகள் வரை விரிவாக்கினார்கள். அதற்கு மேல் விரிவாக்க மலைதான் இருந்தது.

ஏழு சீஸன்களுக்குப் பிறகு, கொரோனாவால் கேலரிகள் வெறிச்சோடிக் கிடந்த 2020-21ல், எய்பார் கடைசி இடத்தில் முடித்து இறங்கியது. இந்த முறை எந்தச் சட்டமும் காப்பாற்ற வரவில்லை. அடுத்த ஆண்டே மேலே ஏறும் வாய்ப்பு வந்தது. 2022 மே 29 அன்று கடைசி ஆட்டத்தில், ஏற்கனவே இறங்குவது உறுதியாகியிருந்த அல்கோர்கோனை வென்றால் போதும். கூடுதல் நேரத்தில் ஒரு கோல் வாங்கி 1-0 என்று தோற்றது. தொடர்ந்து நடந்த பிளே-ஆஃப் ஆட்டங்களிலும் வழி திறக்கவில்லை.

ஏறுவதும் இறங்குவதும் அந்த ஊரில் அன்றாட வேலை. இறங்கிய அணிக்கும் இபுருவாவில் அதே மழை, அதே பால்கனிகள். 2014ல் அச்சிட்ட பங்குப் பத்திரத்தை வாங்கியவர்கள் கிளப்பின் சொந்தக்காரர்களாகவே இருக்கிறார்கள். அந்தப் பத்திரத்தில் எந்த டிவிஷன் என்று குறிப்பிடப்படவில்லை.